வேலை நேரத்தைக் குறைக்கிறோம் என்று கடிதம் வந்தால்: கையெழுத்து, நிபந்தனை, மறுப்பு, விலகல் – எது யாருக்கு?

"அடுத்த மாசத்துல இருந்து வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, சம்பளம் இருபது விழுக்காடு குறையும், வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தரணும்னு எச்.ஆர்.ல சொல்லிட்டாங்க அண்ணே, போடவா வேண்டாமா?"

பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் தொழிற்பேட்டைகள் பக்கம் ஆர்டர் குறையும் காலத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். தொழிற்சாலை ஆட்கள் மட்டும் கேட்பதில்லை. உணவகத்தில் இருப்பவர்கள், பாதுகாவலர்கள், துப்புரவுக் குத்தகை எடுத்த கம்பெனிகளில் வேலை செய்யும் அக்காமார்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கடிதமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அரைப் பக்கம், மலாய் அல்லது ஆங்கிலம். வியாபாரச் சூழ்நிலை சரியில்லை என்று தொடங்கும், நேரம் குறையத் தொடங்கும் தேதி இருக்கும், பழையபடி எப்போது திரும்பும் என்ற தேதி இருக்காது. அடியில் "படித்துப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி, பெயருக்கும் ஐசி (அடையாள அட்டை) எண்ணுக்கும் கையெழுத்துக்கும் கோடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வேலை நிற்பதைவிட நேரம் குறைவது நல்லது என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு, அவர்கள் நினைப்பதில் நியாயமும் உண்டு. முடிவுத் தேதி இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பிற்பாடு ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொண்டுபோகிறது. எப்படி என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

## முதலில், சட்டம் எங்கே நிற்கிறது

தீபகற்ப மலேசியாவுக்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம்தான் அடிப்படை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் அது சம்பள வரம்பில்லாமல் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. ஓவர்டைம், ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற சில பிரிவுகள் மட்டும் மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவர்களுக்கு. அதே திருத்தத்தில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 ஆனது. கவனியுங்கள், அது உச்சவரம்பு. குறைந்தது இத்தனை மணி நேரம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

அப்படியானால் முதலாளி இஷ்டத்துக்குக் குறைக்கலாமா? நேரத்தை மட்டும் குறைத்துவிட்டு முழு மாதச் சம்பளம் கொடுத்தால் யாரும் புகார் செய்யப் போவதில்லை. சம்பளத்தில் கை வைத்தால் கதை வேறு. சம்பளம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்தை ஒரு பக்கம் மட்டும் மாற்ற முடியாது, உங்கள் சம்மதம் வேண்டும். அதனால்தான் அந்தக் கையெழுத்துக் கோடு. உங்கள் சம்மதம் இல்லாமலே செய்ய முடியும் என்றால் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1975இல் வந்த தொழில் நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்புக்குப் போவதற்கு முன் முதலாளி செய்து பார்க்க வேண்டியவற்றில் ஓவர்டைமைக் கட்டுப்படுத்துவது, ஷிப்டைக் குறைப்பது, வார வேலை நாட்களையோ மணி நேரத்தையோ குறைப்பது ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறது. ஆக, நேரக் குறைப்பு என்றாலே ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிஜமாகவே ஆட்களை வைத்துக்கொள்ளப் பார்க்கும் கம்பெனியும் இதைத்தான் செய்யும். ஆனால் சம்பளக் குறைப்பு, தற்காலிக வேலை நிறுத்தி வைப்பு, ஆட்குறைப்பு எதுவானாலும் 30 நாளுக்கு முன் பிகே பாரம் நிரப்பித் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். "பிகே பாரம் அனுப்பியாகிவிட்டதா?" என்று பணிவாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கைக்கு வரும் பணம். இதை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் பாதிதான் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு மாதம் 2,600 ரிங்கிட், ஏழு ஆண்டு சர்வீஸ், வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு வெட்டினால் 520 ரிங்கிட் போகிறது. கூடவே ஊழியர் சேமநிதியில் முதலாளி போடும் 13 விழுக்காட்டில் ஏறத்தாழ 68 ரிங்கிட், உங்கள் 11 விழுக்காட்டில் 57 ரிங்கிட், ஆக மாதம் 120க்கு மேல் சேமநிதிக்குப் போகாது. இது சம்பளச் சீட்டில் உறுத்தாது. 55 வயதில்தான் உறுத்தும்.

அப்புறம், வெட்டு எந்தக் கணக்கில்? "வாரம் ஒரு நாள் சம்பளமில்லை" என்று எழுதிவிட்டு 20 விழுக்காடு பிடிக்கிறார்கள். சம்பளமில்லாத நாளுக்குச் சட்டப்படி மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த நாட்களால் வகுக்க வேண்டும், அதாவது 30 நாள் மாதத்தில் நம் உதாரணத்தில் ஏறத்தாழ 87 ரிங்கிட். மாதத்தில் நான்கு நாள் போனால் ஏறத்தாழ 347தான், 520 இல்லை. ஒரே கடிதம், இரண்டு கணக்கு, ஏறத்தாழ 173 ரிங்கிட் வித்தியாசம். எந்தக் கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

பிற்பாடு வரும் இழப்பீடு. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான், யாரும் பார்க்காததும் இதுதான். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் இவ்வளவு நாள் சம்பளம் என்று கொடுக்க வேண்டும்: இரண்டு ஆண்டுக்குள் என்றால் 10 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். அந்த ஒரு நாள் சம்பளம், கடைசி 12 மாதச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. அதாவது குறைந்த சம்பளத்தில் எத்தனை மாதம் ஓட்டுகிறீர்களோ அத்தனை மாதமும் உங்கள் இழப்பீடு தேய்கிறது. கணக்குச் சுலபமாக இருக்க, முழுச் சம்பளத்தில் ஒரு நாளுக்கு 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம்.

| ஆட்குறைப்பு எப்போது | சர்வீஸ் | சராசரி நாள் சம்பளம் | இழப்பீடு |
|---|---|---|---|
| நேரக் குறைப்புக்கு முன் | 7 ஆண்டு | 100 | 14,000 |
| குறைத்து 6 மாதம் கழித்து | 7½ ஆண்டு | 90 | 13,500 |
| குறைத்து 12 மாதம் கழித்து | 8 ஆண்டு | 80 | 12,800 |

இன்னும் ஓராண்டு கூடுதலாக உழைத்தும் 1,200 ரிங்கிட் குறைவாக வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. முழுச் சம்பளத்தில் எட்டு ஆண்டு என்றால் 16,000 வந்திருக்க வேண்டும். இதற்காக எந்தக் கம்பெனியும் திட்டம் போட்டுக் காத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. திட்டம் இல்லாமலே இது நடந்துவிடுகிறது.

பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைவாய்ப்புக் காப்புறுதி, நாம் சிப் என்று சொல்வது, அதுவும் அப்படித்தான். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40, அதற்கப்புறம் 30 என்று சந்தா செலுத்திய காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை கிடைக்கும். கணக்குக்கு எடுப்பது கடைசி ஆறு மாதச் சராசரி. ஆறு மாதம் 2,080இல் இருந்துவிட்டால் முதல் மாத உதவி 2,080க்குப் பதில் 1,664. இன்னொன்று: சிப்பில் "குறைந்த வருமான உதவித்தொகை" என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு நேரம் குறைக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கப் போகிறார்கள். அது ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்த்து, அதில் ஒன்று போனவர்களுக்கு. நேரம் குறைந்ததற்குக் கிடைக்காது.

முழுநேரமா பகுதிநேரமா. அதே இடத்தில் அதே மாதிரி வேலை செய்யும் முழுநேர ஊழியரின் நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டைத் தாண்டாமல் வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். 45 மணியில் 70 விழுக்காடு என்பது 31½ மணி. வாரம் நான்கு நாள் என்றால் நீங்கள் இன்னும் முழுநேரம். மூன்று நாள் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவருக்கு ஆண்டு விடுமுறை 16 நாளிலிருந்து 11 ஆகலாம், மருத்துவ விடுப்பு 22இலிருந்து 15, பொது விடுமுறை 11இலிருந்து 7. தீபாவளியும் தைப்பூசமும் இருக்கிற ஊரில் பொது விடுமுறை நான்கு குறைவது சின்ன விஷயம் இல்லை.

கெடு. வேலையை விட்டு நீக்கினால் மீண்டும் வேலை கேட்டு முறையிட 60 நாள். சிப் விண்ணப்பத்துக்கும் 60 நாள். தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடியாகிவிட்டது.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

## வழி 1: வந்தபடியே கையெழுத்து

சண்டை இல்லை, சூப்பர்வைசர் முகம் சுளிக்க மாட்டார், வேலை தொடரும். மாத வருமானத்துக்கு உடனடி உத்தரவாதம் வேண்டும், சர்வீஸ் ஒன்று இரண்டு ஆண்டுதான், வேறு இடத்தில் தேடிக்கொண்டும் இருக்கிறீர்கள் என்றால் இது போதும். சர்வீஸ் குறைவாக இருப்பவருக்கு இழப்பீடு தேய்ந்தாலும் பெரிய தொகை போகாது.

பத்து, பதினைந்து ஆண்டு சர்வீஸ் உள்ளவர்கள் இப்படிப் போடுவதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை. முடிவுத் தேதி இல்லாமல் நீங்கள் சம்மதித்தது இனிமேல் உங்கள் நிரந்தரச் சம்பளம். இரண்டு ஆண்டு கழித்துக் கம்பெனி நன்றாக ஓடினாலும் "பழைய சம்பளம் எங்கே" என்று கேட்கக் காகிதம் இல்லை. போனஸ், ஊதிய உயர்வு எல்லாம் புதிய அடிப்படையில்தான் ஏறும்.

ஒன்று மட்டும் கையெழுத்தாலும் போகாது. சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையைவிடக் கீழே போகும் எந்த நிபந்தனையும், நீங்கள் சம்மதித்திருந்தாலும், செல்லாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர் உள்ள இடங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் அதுதான். உங்களை முழுநேர ஊழியராக வைத்துக்கொண்டு 1,900இலிருந்து 1,520க்கு இறக்க முடியாது. நாள் சம்பளக்காரர்களுக்கும் இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: குறைந்தபட்ச நாள் கூலி வாரம் ஆறு நாள் வேலைக்கு 65.38, ஐந்து நாளுக்கு 78.46, நான்கு நாளுக்கு 98.08. நாள் குறையக் குறையக் கூலி ஏற வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். ஐந்து நாளை நான்காக்கிவிட்டு அதே 78 ரிங்கிட் கொடுத்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம், தயங்க வேண்டாம்.

## வழி 2: நிபந்தனையோடு கையெழுத்து

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்பெனிக்கு உங்கள் சம்மதம் தேவைப்படுகிறது. தேவைப்படும் நேரத்தில் கேட்டால்தான் ஏதாவது கிடைக்கும். தனியாகக் கேட்பதைவிட அதே லைனில் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது, தொழிற்சங்கம் இருந்தால் அவர்கள் வழியாக இன்னும் நல்லது. கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில் வேலை நேரமும் சம்பளமும் அதற்குள் இருக்கும், சங்கத்தைத் தாண்டி ஆளுக்கொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் உடனே சங்கத்திடம் சொல்லுங்கள்.

என்ன கேட்பது? முதலில் தேதி. மூன்று மாதம், அதிகம் போனால் ஆறு மாதம், அதற்கப்புறம் எதுவும் எழுதாவிட்டால் தானாகவே பழைய நேரமும் பழைய சம்பளமும். "நிலைமையைப் பொறுத்து மறுபரிசீலனை" என்ற வார்த்தைகளை ஏற்காதீர்கள், அதில் தேதி இல்லை. இரண்டாவது, இந்தக் காலத்திலோ இது முடிந்து 12 மாதத்துக்குள்ளோ ஆட்குறைப்பு நடந்தால் இழப்பீட்டைப் பழைய சம்பளத்தில் கணக்கிடுவோம் என்ற ஒரு வரி. மேலே அட்டவணையில் பார்த்த பணத்தை அந்த ஒரு வரி காப்பாற்றிவிடும். கம்பெனிக்கு இன்றைக்கு ஒரு காசு செலவில்லாத வரி என்பதால் நல்ல மனசுள்ள நிர்வாகம் ஒப்புக்கொள்ளத்தான் செய்யும். இதையே மறுத்தால் அவர்கள் ஆட்குறைப்பை மனதில் வைத்திருக்கிறார்களோ என்று யோசியுங்கள். மூன்றாவது, வேறு வேலை பார்க்க எழுத்தில் அனுமதி. பல ஒப்பந்தங்களில் வெளிவேலை கூடாது என்று ஒரு பிரிவு இருக்கும், சும்மா இருக்கும் அந்த ஒரு நாளில் உணவு டெலிவரிக்குப் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. நான்காவது, சர்வீஸும் ஆண்டு விடுமுறையும் மருத்துவக் காப்பீடும் பழையபடி தொடரும் என்பது.

ஓவர்டைம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓவர்டைம் கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது, ஒப்பந்தத்தில் உறுதி தந்திருந்தால் தவிர. ஆனால் புதிய காகிதத்தில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை என்று எழுதியிருந்தால் ஏழாவது மணியே ஓவர்டைம், மணிக்கு ஒன்றரை மடங்கு. சம்பளத்தை ஆறு மணிக்கு வெட்டிவிட்டு, அவசர ஆர்டர் வந்த நாளில் எட்டு மணி நேரம் நிற்க வைத்துச் சாதாரண மணிச் சம்பளம் போடுகிறார்கள். பஞ்ச் கார்டை, அல்லது போனில் வரும் வருகைப் பதிவை, படம் பிடித்து வையுங்கள்.

மணி நேரத்தைக் குறைப்பதா, நாளைக் குறைப்பதா என்று கேட்டால் தொலைவிலிருந்து வருபவர்கள் நாளைக் கேளுங்கள். கூலிம், சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குத் தீவுக்கு வருபவருக்கு ஆறு மணி நேர வேலைக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் ஒரே பெட்ரோல், பாலத்தில் மாட்டிக்கொள்ளும் நேரமும் ஒன்றுதான். மோட்டார் சைக்கிளுக்குப் பினாங்குப் பாலங்களில் 2019 ஜனவரி முதல் டோல் இல்லை, காருக்கு உண்டு. அதோடு முழுசாக ஒரு நாள் கையில் இருந்தால்தான் வேறு வருமானம் பார்க்க முடியும். பிள்ளையைப் பராமரிப்பு மையத்தில் விடும் தாய்மார்களுக்கு இது நேர்மாறாகலாம். தினமும் மூன்று மணிக்கே வீட்டில் இருந்தால் அந்தச் செலவு மிச்சம். சரி, உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். பேக்டரி பஸ்ஸை நம்பியிருப்பவர்கள் புதிய நேரத்துக்குப் பஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு, நீங்கள் ஆறு மாதம் குறைந்த சம்பளத்தில் இருப்பதுதான், வேறில்லை. கார் தவணை, வீட்டுத் தவணை இருப்பவர்கள் ஒரு மாதம் தவறுவதற்கு முன்பே ஏகேபிகேவுக்குப் போங்கள். அது பேங்க் நெகாரா ஏற்படுத்திய கடன் ஆலோசனை அமைப்பு, ஆலோசனைக்குக் காசில்லை.

## வழி 3: கையெழுத்துப் போடாமல் வேலையைத் தொடர்வது

"சம்மதம் இல்லை, பழைய நேரப்படி வேலை செய்யத் தயார்" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போவது. அப்படியும் சம்பளத்தை வெட்டினால் அது கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காத விவகாரம். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்தால் இயக்குநரே விசாரித்து உத்தரவிட முடியும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 'வொர்கிங் ஃபார் வொர்கர்ஸ்' என்ற மனிதவள அமைச்சின் செயலியிலும் புகார் செய்யலாம்.

இந்த வழியில் இரண்டு ஆபத்து. ஒன்று மௌனம். வாயால் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு நாலைந்து மாதம் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டே இருந்தால், நடத்தையிலேயே சம்மதித்துவிட்டார் என்று பிற்பாடு வாதாடுவார்கள். அதனால் ஒவ்வொரு மாதச் சம்பளம் வந்ததும் ஒரு வரி மின்னஞ்சல்: இவ்வளவு குறைவாக வந்திருக்கிறது, நான் சம்மதிக்கவில்லை, மீதியைத் தரவும். எச்.ஆருக்கு வாட்ஸ்அப் அனுப்பினாலும் பதிவுதான். இரண்டாவது ஆபத்து, ஆட்குறைப்புப் பட்டியலில் உங்கள் பெயர் மேலே ஏறுவது. நிஜமான ஆபத்து, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலுக்கும் ஒழுங்கு உண்டு: ஒரே மாதிரி வேலையில் உள்ளூர்க்காரரை நீக்குவதற்கு முன் வெளிநாட்டுத் தொழிலாளரை நீக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, உள்ளூர்க்காரர்களுக்குள் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது வழக்கம். அப்படியே நீக்கினாலும் உங்கள் இழப்பீடு பழைய சம்பளத்தில். அறிவிப்புக் காலமும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு எதுவும் இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம்.

ஆக, நீண்ட சர்வீஸ், நல்ல வேலைப் பதிவு, வீட்டில் இன்னொரு சம்பளம், இந்த மூன்றும் இருப்பவருக்கு இது பொருத்தம். அல்லது வெட்டு ரொம்பப் பெரியது, பாதிச் சம்பளம், தேதியும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றால், நிபந்தனையோடு கையெழுத்துப் போடப் பேச்சுக்கே இடமில்லாதபோது.

## வழி 4: "என்னை விலகத் தள்ளினார்கள்" என்று வெளியேறுவது

ஒப்பந்தத்தின் அடிப்படையையே முதலாளி உடைத்தால், நீங்களே ராஜினாமா செய்தாலும் அது பணிநீக்கத்துக்குச் சமம் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் வோங் சீ ஹோங் வழக்கில் தெளிவாக்கியது. பெரிய சம்பள வெட்டை அப்படிப்பட்ட உடைப்பாக வாதிடலாம். 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில், ஜேபிபி என்பார்கள், முறையிட வேண்டும். சமரசம் ஆகவில்லை என்றால் தொழில் நீதிமன்றம். ஜெயித்தால் பழைய சம்பளத்தில் அதிகபட்சம் 24 மாதப் பின்சம்பளமும், மீண்டும் வேலையில் சேர்க்காவிட்டால் அதற்கு ஈடான தொகையும் வரலாம், இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததில் ஒரு பகுதி கழித்துக்கொள்ளப்படும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். உடைப்பு நடந்ததும் காலம் கடத்தாமல் விலகியிருக்க வேண்டும், விலகும் காரணத்தைக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று 24 மணி நேர நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. சாதாரண ராஜினாமாவுக்கு இழப்பீடும் கிடையாது, சிப்பும் கிடையாது. வழக்கு இழுக்கும், தோற்றால் பூஜ்யம்.

20 விழுக்காடு, மூன்று மாதம் என்ற வெட்டுக்கு இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சம்பளம் பாதிக்குமேல் போய்விட்டது, ஒருவரை மட்டும் குறிவைத்து நேரத்தைக் குறைக்கிறார்கள், மற்றவர்கள் எல்லாம் முழு நேரம், எதிர்ப்புக் கடிதங்களும் கையில் இருக்கின்றன என்றால், விலகுவதற்கு முன் எம்டியுசி என்ற மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசிடமோ தொழிலாளர் வழக்கு பார்க்கும் வழக்கறிஞரிடமோ ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுங்கள். விலகிய பிறகு பேசுவதால் கடிதத்தைத் திருத்த முடியாது.

## வழி 5: விருப்ப விலகல் பணம் கொடுத்தால்

நேரக் குறைப்போடு சேர்த்து விஎஸ்எஸ்ஸும், அதாவது பணம் வாங்கிக்கொண்டு விருப்பப்படி விலகும் திட்டமும், வைத்தால் அதை எடைபோடச் சுலபமான கணக்கு, மேலே சொன்ன 20 நாள் சூத்திரம். அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் தொட வேண்டாம். அதற்கு நல்ல மடங்கு அதிகம், வேறு வேலை கிடைக்கும் வயது என்றால் ஏற்கலாம். சிப் உதவி விஎஸ்எஸ்ஸுக்கும் உண்டு, வேலை இழப்பு இழப்பீட்டில் ஒவ்வொரு முழு ஆண்டு சர்வீஸுக்கும் 10,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்கள் அவசரப்படாதீர்கள். மொத்தமாக 30,000 கைக்கு வருவது பெரிதாகத் தெரியும், அடுத்த வேலை 1,700இல்தான் கிடைக்கும் என்றால் அது எவ்வளவு நாள் வரும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

## நாள் சம்பளக்காரர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும்

வேலை கொடுத்தால்தான் சம்பளம் என்ற ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, நான்கு தொடர் வாரங்களில் குறைந்தது 12 வழக்கமான வேலை நாள் வேலை கொடுக்காமல், அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லையென்றால், வேலை நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கருதி ஆட்குறைப்பு இழப்பீடே கேட்கலாம். ஐந்து நாள் வேலை நான்கானாலோ மூன்றானாலோ இது வராது. இரண்டானால் வரும். அதனால் எந்த நாள் வேலை இருந்தது, எந்த நாள் "வர வேண்டாம்" என்று சொன்னார்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள், சொன்ன குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து உணவகத்திலோ பட்டறையிலோ இருக்கும் தம்பிகளுக்கு வேலைவாய்ப்புச் சட்டமும் குறைந்தபட்சச் சம்பளமும் முழுசாகப் பொருந்தும், தொழிலாளர் இலாகாவில் புகாரும் செய்யலாம். ஆனால் சிப் கிடையாது, பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டியது என்பதால் சும்மா இருக்கும் நாளில் வேறு கடையில் வேலை பார்த்தால் குடிநுழைவுத் துறையில் சிக்கல். அவர்களுக்கு வழி 2இல் சொன்ன வெளிவேலை அனுமதி உதவாது. சம்பளம் 1,700க்குக் கீழே போகாமல் பார்ப்பதும், தங்குமிட வாடகையை இதே மாதத்தில் ஏற்றாமல் பார்ப்பதும்தான் முக்கியம்.

## கடிதம் வந்த வாரத்தில்

முதல் நாளே கையெழுத்துப் போட வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை. "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று நகல் வாங்கி வாருங்கள், நகல் தராவிட்டால் போனில் படம் எடுங்கள். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள், வேலை நேரமும் சம்பளமும் என்ன வார்த்தையில் இருக்கிறது என்று பாருங்கள். தேவைக்கேற்ப நேரத்தை மாற்றலாம் என்று ஒரு வரி அதில் இருந்தால் உங்கள் பேரம் கொஞ்சம் பலவீனமாகும், அதைத் தெரிந்துகொண்டு பேசப் போவது நல்லது. கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகளைக் கம்பெனி போர்ட்டலிலிருந்து இறக்கி வீட்டுக் கணினியிலோ மின்னஞ்சலிலோ வையுங்கள், வேலை போனால் அந்தப் போர்ட்டலும் அன்றே போய்விடும். சேமநிதி, பெர்கேசோ கணக்கில் முதலாளி சந்தா ஒழுங்காக ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

பதில் கடிதம் நீளமாக வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரி போதும், எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்: உங்கள் கடிதம் இந்தத் தேதியில் கிடைத்தது, கம்பெனியின் நிலைமை புரிகிறது, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மட்டும், இந்த நிபந்தனைகளோடு சம்மதிக்கிறேன், மற்றபடி என் நியமனக் கடிதத்தில் உள்ள உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் எச்.ஆர். பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் அதே கடிதத்தை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.